நனைந்தபடி காற்றில் நிற்காதீர்கள்: மாரியில் சைக்கிள் ஓடுவோருக்கு

2022 டிசம்பரின் இரண்டாவது வாரம். ‘மாண்டஸ்’ புயல் வங்காள விரிகுடாவில் நின்றுகொண்டு வடக்கு, கிழக்கு முழுவதற்கும் குளிர்காற்றை அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் பெரிய வெள்ளம் இல்லை. தூறல், காற்று, வெயிலைக் காணாத வானம், அவ்வளவுதான். ஆனால், அந்த ஓரிரு நாட்களுக்குள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் குளிரால் இறந்தன. அதைப் பற்றி எழுதுவதற்காக யாழ் நகரத்திலிருந்து வேலணைக்குப் போனேன். கியூஆர் முறையில் கிடைத்த பெற்றோல் அந்தக் கிழமைக்கு ஏற்கனவே முடிந்துவிட்டதால் சைக்கிளில்தான் போனேன்.

இரண்டு பசுக்களை இழந்த ஒரு வயதான ஐயாவுடன் அவரது மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் நின்று கதைத்தேன். “இந்தக் குளிருக்கு மாடு சாகுமோ ஐயா?” என்று கேட்டேன்.

“மழையில நனைஞ்சு மாடு சாகாது பிள்ளை. எத்தினை மாரி கண்ட மாடுகள். நனைஞ்சபடி காத்துக்குள்ள நிண்டுதுகள். அதுதான் கொண்டது” என்றார்.

அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு திரும்பினேன். அவர் சொன்னது எனக்கும் பொருந்தும் என்பது பண்ணைப் பாலத்துக்கு வந்த பிறகுதான் புரிந்தது. வேலணைக்குப் போகும்போது வாடைக்காற்று முதுகைத் தள்ளிக்கொடுத்தது. வரும்போது அதே காற்று நேராக நெஞ்சில் அடித்தது. இரண்டு பக்கமும் கடல்நீர். ஒதுங்க மரமில்லை, மதிலில்லை. என்னுடைய பருத்திச் சல்வார் காலையிலேயே நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. நகரத்துக்குள் நுழையும் இடத்தில் முன்னால் போன ஓட்டோ ஒன்று நின்றது. பிறேக்கைப் பிடிக்க நினைத்தேன். விரல்கள் மடியவில்லை. காலை ஊன்றி, பக்கத்து மண்ணுக்குள் சைக்கிளை விட்டு, ஒரு மாதிரித் தப்பினேன்.

அருகிலிருந்த தேநீர்க் கடையில் “பிளேன்ரீ” என்று கேட்க வாய் சரியாக வரவில்லை. கடைக்கார அக்கா என்னைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் உள்ளே போய் ஒரு துவாயும் ஒரு பழைய சட்டையும் கொண்டுவந்தார். “முதல்ல உடுப்பை மாத்து பிள்ளை, தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்” என்றார். அன்று எனக்குக் கிடைத்த மிகச் சரியான முதலுதவி அதுதான் என்பதைப் பின்னர் வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் மாரிக்காலத்தின் குறைந்த வெப்பநிலை வழமையாக 22, 23 பாகை செல்சியஸ்தான். நுவரெலியாவில் குளிரால் விறைத்தேன் என்றால் எவரும் நம்புவார்கள். பண்ணையில் விறைத்தேன் என்றால் சிரிப்பார்கள். ஆனால், ஒவ்வொரு மாரியிலும் பாடசாலைக்கும் கடைக்கும் வயலுக்கும் மேசன் வேலைக்கும் சைக்கிளில் போகும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு இது சிரிக்கும் விடயம் அல்ல. எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதங்களிலும் வேலைக்குப் போகாமல் இருக்க முடியாதவர்கள்தான் பெரும்பாலும் சைக்கிளில் போகிறார்கள்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

நாம் குளிரை வெப்பமானியை வைத்து அளந்து பழகியிருக்கிறோம். சைக்கிளில் போகிறவருக்கு அந்த எண் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதிப் பாதி ஈரத்திலும் காற்றிலும் இருக்கிறது.

முதலில் ஈரம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காய்ந்த உடுப்பு உடம்பைச் சூடாக வைத்திருப்பது துணியால் மட்டுமல்ல, அதன் நூல்களுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றால்தான். உடுப்பு நனைந்ததும் அந்தக் காற்றிருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு உடுப்பு உங்களை மூடியிருக்கவில்லை, உங்கள் சூட்டை வெளியே கொண்டுபோகிறது.

இரண்டாவது, அந்த நீர் ஆவியாவது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராம் நீரை 22 பாகையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர 78 கலோரி போதும். அதாவது, உங்கள் சட்டையிலிருந்து ஒரு கிராம் நீர் காய்வதற்கு, அதைக் கொதிக்க வைப்பதைப் போல ஏழு மடங்குக்கும் கூடுதலான சூடு செலவாகிறது. அதில் பெரும்பங்கை உங்கள் உடம்புதான் கொடுக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான். காற்று அடிக்க அடிக்க ஆவியாதல் கூடும், சூடும் வேகமாகப் போகும்.

மூன்றாவது, சைக்கிள் தானே காற்றை உண்டாக்குகிறது. மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவர் மணிக்கு 20 கிலோமீற்றர் எதிர்க்காற்றைச் சந்தித்தால், அவர் உடம்பில் படுவது 35 கிலோமீற்றர் வேகக் காற்று. நடந்து போகிறவருக்கோ பஸ்ஸில் இருப்பவருக்கோ இந்தக் கணக்கு இல்லை.

இவற்றுக்கெல்லாம் எதிராக எங்களிடம் இருப்பது ஒரேயொரு அடுப்பு: உழக்கும் கால்கள். உழக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் சைக்கிளை நகர்த்துகிறது. மிகுதி வெப்பமாகிறது. அதனால்தான் கொட்டும் மழையிலும் உழக்கிக்கொண்டிருக்கும்வரை குளிர் பெரிதாகத் தெரிவதில்லை. நிறுத்தியவுடன் அடுப்பு அணைந்துவிடுகிறது. ஈரமும் காற்றும் மட்டும் தொடர்ந்து வேலை செய்கின்றன.

சைக்கிள் பந்தயங்களின் வரலாற்றில் இதற்கு மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. 1988 ஜூன் 5 அன்று, இத்தாலியின் ‘ஜிரோ’ பந்தயம் அல்ப்ஸ் மலையில் 2,600 மீற்றருக்கும் மேல் உயரமான கவியா கணவாயைக் கடந்தபோது பனிப்புயல் அடித்தது. கணவாயின் உச்சியை முதலில் தொட்டவர் நெதர்லாந்தின் யொஹான் வன் டெர் வெல்டே. அவர் அணிந்திருந்தது அரைக்கைச் சட்டை. ஏறும்வரை உடம்பு சூடாக இருந்தது. இறக்கத்தில் உழக்க வேண்டியதில்லை, காற்று மட்டும் அடித்தது. அவரால் தொடர முடியவில்லை. வழியில் நின்று, சூடேற்றிக்கொண்டு, முடிவுக் கோட்டுக்கு முக்கால் மணிநேரத்துக்கும் மேல் பிந்தி வந்தார். அமெரிக்காவின் அன்டி ஹம்ஸ்டனின் குழுவோ முன்கூட்டியே குளிர் உடுப்புகளை வாங்கி, சூடான தேநீரோடு வழியில் காத்திருந்தது. அவர் அன்று முன்னிலைக்கு வந்து, அந்த ஆண்டுப் பந்தயத்தையும் வென்றார்.

எங்களுக்குப் பனியும் இல்லை, அல்ப்ஸும் இல்லை. ஆனால், ஆபத்தான நேரம் அங்கும் இங்கும் ஒன்றுதான். அது உழக்குவதை நிறுத்திய பிறகு வரும் அரை மணிநேரம்.

எனக்கு இது இன்னொரு நாளில் இன்னும் தெளிவாக விளங்கியது. மழையில் நனைந்து ஓர் ஊடகச் சந்திப்புக்குப் போனேன். மண்டபத்தில் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பேச வேண்டியவர் ஒரு மணிநேரம் பிந்தி வந்தார். ஐந்து கிலோமீற்றர் மழையில் வராத நடுக்கம் அந்தக் கதிரையில் இருக்கும்போதுதான் வந்தது.

நனையாமல் இருப்பதல்ல, காய்ந்த உடுப்பு வைத்திருப்பதே முக்கியம்

நான் பல வருடங்களாகச் செய்த பிழை, நனையாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்ததுதான். எங்கள் மாரியில் அரை மணிநேரம் சைக்கிள் ஓடி நனையாமல் போய்ச் சேர முடியாது. மலிவான பொலித்தீன் மழை அங்கி வெளியிலிருந்து வரும் மழையைத் தடுக்கும். ஆனால், உள்ளே வியர்வை ஆவி வெளியேற வழியில்லாமல் தண்ணீராகி, உங்களை உள்ளிருந்து நனைத்துவிடும். ஆகவே, கேள்வியை மாற்றினேன்: நனைந்த பிறகு எவ்வளவு விரைவாகக் காயலாம்?

இப்போது மாரி தொடங்கினால் என் கரியரில் ஒரு மூட்டை எப்போதும் இருக்கும். தடித்த பொலித்தீன் பைக்குள் ஒரு சட்டை, ஒரு காற்சட்டை, உள்ளுடுப்பு, ஒரு சிறிய துவாய். பையின் வாயை முறுக்கி, மடித்து, இறப்பர் வளையத்தால் கட்டி, அதை இன்னொரு சொப்பிங் பைக்குள் தலைகீழாகப் போட்டால் நீர் போகாது. தொலைபேசிக்கும் பாடப் புத்தகத்துக்கும் இதே முறைதான். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை உடுப்பு மாற்றுவது. தலையைத் துடைப்பது இரண்டாவது.

ஓடும்போது போடுவதற்குப் பருத்தியை விட்டுவிட்டேன். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கனக்கும், காய நேரமெடுக்கும். விளையாட்டுக் கழகங்கள் அடிக்கும் பொலியெஸ்டர் ரீசேட்டுகள் எல்லா வீட்டிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அவை நீரை அதிகம் பிடிக்காது. பிழிந்துவிட்டால் பாதி காய்ந்துவிடும். மாரிச் சைக்கிளுக்கு அதைவிட நல்ல உடுப்புக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

காற்றைத் தடுக்க வேண்டிய முக்கிய இடம் நெஞ்சு. முழு மழை அங்கி இல்லாவிட்டால், ஒரு பெரிய பொலித்தீன் பையில் தலைக்கும் கைகளுக்கும் ஓட்டை வெட்டி, சட்டைக்கு மேல் போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஐரோப்பாவின் பந்தய வீரர்கள் மலை இறக்கங்களுக்கு முன்னர் பழைய செய்தித்தாளை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் வைப்பது நீண்டகாலப் பழக்கம். தாள்களுக்கிடையே அடைபடும் காற்று குளிரைத் தடுக்கும். மழை விட்டு, காற்று மட்டும் அடிக்கும் நேரத்தில் நானும் செய்து பார்த்திருக்கிறேன். வாசித்து முடித்த பத்திரிகைக்கு அது நல்ல வேலைதான்.

மழை அங்கி வாங்குவதென்றால் முன்பக்கம் திறக்கக்கூடியதாக, உடம்போடு நிற்பதாக, வெளிர் நிறத்தில் வாங்குங்கள். விரிந்து தொங்கும் போர்வை போன்ற அங்கி காற்றில் பாய்மரமாகி உங்களை வீதியின் நடுவுக்குத் தள்ளும். குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடுவது எங்கள் ஊரில் சாதாரணக் காட்சி. அப்போது ஒரு பிறேக்தான் உங்கள் கையில் இருக்கிறது, அத்துடன் ஒரு பாயும் விரிந்திருக்கிறது. பக்கத்தால் ஒரு பஸ் கடந்துபோகும்போது காற்று எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. பெண்கள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் கட்டாயமாக முடிந்துகொள்ள வேண்டும். ஈரத்துணி சில்லுக்குள் போனால் இழுத்து எடுக்க நேரம் கிடைக்காது.

நடுக்கம் பிடித்துவிட்டால் என்ன செய்வது? நடுக்கம் என்பது தசைகள் தாமாகவே சூடு உண்டாக்க முயல்வது. அது எச்சரிக்கை. உடம்பின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் பேச்சுக் குழறும், விரல்கள் சொல்வழி கேளா, முடிவெடுக்கும் திறனும் மங்கும். முதலில் காற்றுப்படாத இடத்துக்குப் போக வேண்டும். ஈர உடுப்பைக் கழற்றி, துடைத்து, காய்ந்ததைச் சுற்ற வேண்டும். பிறகு சீனி போட்ட சூடான பானம். “குளிருக்கு ஒரு கிளாஸ்” என்று சாராயம் குடிப்பது நேர்மாறான வேலை செய்யும். அது தோலிலுள்ள இரத்தக் குழாய்களை விரிப்பதால் சூடு ஏறியது போல இருக்கும். உண்மையில் உள்ளிருக்கும் சூடு வெளியேதான் போகிறது. நடுங்கிக்கொண்டிருந்தவர் உடுப்பு மாற்றாமலே நடுக்கம் நின்று சோர்ந்துபோனால், அது குணமல்ல. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சைக்கிளுக்கும் மாரி உண்டு

குளிர்ந்த கைக்குப் பிறேக் பிடிபடாதது ஒரு பிரச்சினை. பிடித்தாலும் சைக்கிள் நிற்காதது இன்னொன்று. எங்களிடமுள்ள பெரும்பாலான சைக்கிள்களின் றிம் மினுக்கிய இரும்பு. அது நனைந்தால் பிறேக் கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் நீர்ப்படலம் நிற்கும். காய்ந்த வீதியில் நிற்பதைப் போலப் பல மடங்கு தூரம் தேவைப்படும். பிறேக்கை மெதுவாகத் தொட்டபடி சில்லை இரண்டு மூன்று சுற்று ஓடவிட்டால் கட்டை அந்த நீரை வழித்துவிடும். அதன் பிறகுதான் பிறேக் உண்மையில் பிடிக்கும். சந்தி வருவதற்கு முன்னரே பிடிக்கத் தொடங்குங்கள். தேய்ந்த கட்டைகளை ஒக்டோபருக்கு முன்னர் மாற்றிவிடுங்கள்.

கார்கள் தண்ணீரின் மேல் மிதந்து வழுக்குவது போலச் சைக்கிளும் வழுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். சைக்கிள் ரயர் ஒடுங்கியது, வட்டமானது. நாங்கள் ஓடும் வேகத்தில் அது நீரில் மிதக்காது. வழுக்குவது வேறு இடங்களில்: வீதியில் பூசிய வெள்ளைக்கோடு, மதகின் இரும்பு மூடி, ஊறிய இலை, மழை அள்ளிவந்து காபெட் வீதியின் ஓரத்தில் போட்ட மணல், புகையிரதத் தண்டவாளம். 2014இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்துக்கு வந்ததிலிருந்து நாங்கள் தினமும் தண்டவாளம் கடக்கிறோம். ஈரத் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் ரயர் அதன் வழியே இழுபட்டு விழுத்தும். நேர்குத்தாகக் கடக்க வேண்டும். இடமில்லாவிட்டால் இறங்கி உருட்டிப் போகலாம். மழைச் சத்தத்தில் புகையிரதச் சத்தம் கேட்காது என்பதையும் மறக்கக்கூடாது.

டிசம்பரில் ஆறு மணிக்கு முன்னரே பொழுதுபட்டுவிடுகிறது. மழை என்றால் ஐந்தரைக்கே இருட்டு. கண்ணாடியில் மழைத்துளி வழியும் வாகனச் சாரதிக்குச் சைக்கிள் கடைசியாகத்தான் தெரியும். பின்பக்கம் ஒரு சிவப்பு விளக்கு, மட்காட்டில் ஒளி தெறிக்கும் பட்டி. இந்த இரண்டும் உடுப்பைவிட முக்கியம். மழை அங்கியின் பின்பகுதி விளக்கை மறைக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் செயினைப் பழைய துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது நாளாகப் பிசினாகும். எண்ணெய் விட்ட பின் வெளியில் வழிவதைத் துடைத்துவிட்டால் மணல் ஒட்டாது. கடற்கரை வீதியில் ஓடியிருந்தால் முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். வெள்ளத்தில் சில்லின் நடுப்பகுதி மூழ்கியிருந்தால் உள்ளேயிருக்கும் குண்டுகளின் கிறீஸ் கழுவப்பட்டிருக்கும். அதைச் சைக்கிள் கடையில் கழற்றிப் புதிதாக கிறீஸ் போடாவிட்டால் அடுத்த மாதம் முழுச் சில்லுக்கும் செலவு வரும். 2022க்குப் பிறகு சைக்கிளின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கே நிற்கின்றன என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெள்ளத்துக்குள் இறங்காதீர்கள்

குளிரையும் மழையையும் சமாளிக்கலாம். வெள்ளத்தைச் சமாளிக்க முடியாது. 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் வீதியிலிருந்து அடித்துச் சென்றது. பிள்ளைகள் இறந்தார்கள். உழவு இயந்திரம் நிற்காத நீரில் சைக்கிள் நிற்காது. வீதிக்குக் குறுக்காக நீர் ஓடுகிறது என்றால் திரும்பிப் போவது ஒன்றே வழி. நீர் தேங்கி நின்றாலும், அடி தெரியாவிட்டால் இறங்காதீர்கள். எங்கள் ஊர்களில் கட்டில்லாத துரவுகளும் திறந்த வாய்க்கால்களும் வெள்ளத்தில் வீதியோடு வீதியாகிவிடுகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. அதே நவம்பரில் ‘பெங்கல்’ புயலின் மழைவெள்ளம் வடிந்த பின்னர், டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலால் அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்று தெரியாமல் ஊர் பயந்தது. பரிசோதனையில் அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. எலி, மாடு, நாய் போன்றவற்றின் சிறுநீரிலுள்ள கிருமி வெள்ளநீரில் கலந்து, காலிலுள்ள சிறு காயம் வழியாகவோ நீரில் ஊறிய தோல் வழியாகவோ உடம்புக்குள் போகிறது. செருப்போடு வெள்ளத்துக்குள் சைக்கிளை உருட்டுகிறவரின் கால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பெடலில் கீறுப்பட்ட கணுக்கால், ஊறி வெளுத்த விரலிடுக்கு.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அண்ணை ஒருவர் அந்த மாதம் மேசன் வேலைக்குப் போய்வந்த வழியில் தினமும் முழங்கால் அளவு தண்ணீருக்குள் சைக்கிளை உருட்டினார். ஒரு கிழமைக்குப் பின் காய்ச்சல் வந்தது. “மழையில நனைஞ்ச காய்ச்சல்தானே” என்று மூன்று நாள் பனடோல் குடித்தார். கெண்டைக்கால் நோவில் நடக்க முடியாமல் போன பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். பிழைத்தார். ஆனால், அடுத்த இரண்டு மாதமும் வேலைக்குப் போகவில்லை.

மழையில் நனைவதால் எலிக்காய்ச்சல் வராது, வெள்ளநீரில் நிற்பதால் வரலாம். இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் அவர் முதல் நாளே போயிருப்பார். காலில் காயம் இருந்தால் நீர் புகாதபடி மூடிக் கட்டுங்கள், முடிந்தால் இறப்பர் பூட்ஸ் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கால் கழுவி, விரலிடுக்குகளைத் துடையுங்கள். வெள்ளநீரில் கால்வைத்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு தசைநோ, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் எதுவும் வந்தால் வைத்தியரிடம் போய், வெள்ளத்துக்குள் இறங்கியதையும் மறக்காமல் சொல்லுங்கள். வயலிலும் வெள்ளத்திலும் தொடர்ந்து வேலை செய்பவர்கள் முன்தடுப்பு மாத்திரை பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்கலாம். தாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம்.

இடி முழக்கத்தின்போது வயல்வெளி வீதியிலும் பாலத்திலும் ஓடாதீர்கள். ரயர் இறப்பர் என்பதால் மின்னல் தாக்காது என்பது வெறும் நம்பிக்கை. கட்டடம் ஒன்றுக்குள் போய் நில்லுங்கள், மரத்துக்குக் கீழே வேண்டாம்.

ஒரு கதவும் ஒரு கொடியும்

இதுவரை எழுதியதெல்லாம் சைக்கிள் ஓடுகிறவர் தானே செய்துகொள்ளக்கூடியவை. ஆனால், கரியரில் காய்ந்த உடுப்பு இருந்தும், மாற்ற இடமில்லாவிட்டால் என்ன செய்வது? கடைகளில் வேலை செய்யும் பெண்கள் பலரிடம் கேட்டேன். ஈர உடுப்போடு காலையிலிருந்து நின்று, உடம்பிலேயே காயவிடுவதாகத்தான் சொன்னார்கள். கடைக்குள் குளிரூட்டியும் ஓடுகிறது. வெள்ளைச் சீருடையில் நனைந்து வரும் மாணவிக்குக் குளிர் மட்டுமல்ல, கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அவள் மழை நாட்களில் பாடசாலைக்கு வராமல் விட்டுவிடுகிறாள். வரவுப் பதிவேட்டில் அது வெறும் விடுமுறையாகத்தான் விழும்.

இதற்குப் பெரிய திட்டங்கள் தேவையில்லை. பூட்டக்கூடிய கதவுள்ள ஓர் அறை, உடுப்பு காயப்போட ஒரு கொடி, கூரையுள்ள சைக்கிள் தரிப்பிடம், மழை நாளில் மாற்று உடுப்புக்கு அதிபரின் அனுமதி, நனைந்து வருகிறவர்கள் இருக்கும்போது குளிரூட்டியை நிறுத்த ஒரு கை. வெள்ளவாய்க்காலை ஒக்டோபருக்கு முன்னர் துப்புரவு செய்வது பிரதேச சபைகளின் வழமையான வேலை. கதவும் கொடியும் முதலாளிகளும் அதிபர்களும் நாளைக்கே செய்யக்கூடியவை.

எனக்கு ஆறு வயதில் ஒரு மழை இரவு நினைவிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானவர்கள் தென்மராட்சிப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள்கள் ஓடவில்லை, எல்லோரும் உருட்டினார்கள். நான் அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்தேன். எங்களிடம் இருந்தது ஒரேயொரு உரப்பை. அம்மா அதை எனக்குப் போர்த்தச் சொன்னார். அப்பா மறுத்து, எங்கள் மாற்றுடுப்புகளை அதற்குள் வைத்து இறுகக் கட்டிக் கரியரில் போட்டார்.

“நாங்கள் நனைஞ்சாப் பரவாயில்லை. இது நனையக்கூடாது” என்றார்.

அப்போது எனக்கு அழுகைதான் வந்தது. விடியும்போது யாரோ ஒருவருடைய வீட்டு விறாந்தையில், அந்தப் பையிலிருந்து எடுத்த காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நான் நித்திரை கொண்டேன். எங்களைச் சுற்றி ஈர உடுப்போடு நடுங்கிக்கொண்டு எத்தனையோ பேர் இருந்தார்கள். உள்ளே வரச்சொல்லிக் கதவைத் திறந்த அந்த வீட்டுக்காரர் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.